கைநழுவிப் போன புது வண்டு: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

இலைச்சருகு:
எட்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனதை அரிக்கிறது. பழனி மலைச் சோலை, சலித்த சருகு, சருகிலிருக்கும் பூச்சிகள் தாமாகக் குப்பிக்குள் விழ அறை வாசலில் மூன்று நாள் தொங்கவிட்ட விங்க்ளர் பை. உங்களுக்குத் தெரியாததில்லை. ஆல்கஹால் குப்பியில் வழக்கமான எறும்பு, ஸ்பிரிங்டெயில் என்ற துள்ளும் குட்டி உயிரி, சிலந்திக் குஞ்சு, நடுவில் நாலு செலஃபின், அதாவது சருகுக்குள் வாழும் குட்டி வண்டு. நீளம் 1.4 மி.மீ., செங்கல் நிறம், உணர்கொம்பின் நுனி கதாயுதம் மாதிரி. மூன்று பெண், ஒரே ஒரு ஆண். அந்த ஆணின் உணர்கொம்பில் ஒரு கணுவில் குழி இருந்தது. அந்தப் பேரினம் பற்றிக் கைக்குக் கிடைத்த கட்டுரைகளை எல்லாம் இரண்டு மாதம் புரட்டினேன், அப்படி ஒரு குழி எதிலும் இல்லை.

வீட்டில் வைத்துத்தான் பிரித்தேன். பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்து, வயிற்றைத் திறந்து, எந்த இனம் என்று காட்டிக்கொடுக்கும் ஆணுறுப்பை வெளியே எடுத்தாயிற்று. கால் மி.மீ. இருக்கும். கண்ணாடி போல, நுனியில் இடப்பக்கம் வளைந்த ஒரு கொக்கி. வரைவதற்காக முக்கோண அட்டையின் நுனிக்கு மாற்றினேன். காலையிலிருந்து கரண்ட் இல்லை, டார்ச் வெளிச்சத்தில்தான் வேலை. அது எனக்கு மறந்தே போயிருந்தது. கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. லென்ஸில் வெறும் அட்டை.

மொசைக் தரை வேறு.

கல்புரட்டி:
என்னுடையது சருகு இல்லை, எறும்புப் புற்று. இருந்தாலும் சொல்கிறேன். கல்லைத் தூக்கினால் எறும்புகள் கூட்டுப்புழுவைக் கவ்விக்கொண்டு ஓடும் அல்லவா? அதில் ஒன்று கவ்வியது வெள்ளையாக இல்லை. தேன் நிறம். காலை ஆட்டியது. எறும்பு அதை ஓரிடத்தில் இறக்கி முதுகை நக்கியது, மறுபடி தூக்கியது, ஓட்டைக்குள் போய்விட்டது. எறும்பு ஊட்டிவிடத் தின்னும் வீட்டோடு மாப்பிள்ளை வண்டு. என் கையில் கேமரா இருந்தது, மூடியோடு.

மேசைவிளக்கு:
தம்பி இலைச்சருகு, ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லையா? காய்ந்த அட்டையில் ஆணுறுப்பை வைத்ததே முதல் தப்பு. குழி ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரின், அதற்குள்ளேயே பிரி, அதற்குள்ளேயே வரை. வேலை முடிந்ததும் சின்னக் குப்பியில் கிளிசரினோடு போட்டு அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே குத்திவிடு. ஸ்லைடுக்கு அடியில் ஓரம் உயர்ந்த வெள்ளைத் தட்டு. பொட்டாஷை வெதுவெதுப்பாக்கினால் போதும், கொதிக்கவிட்டால் மெல்லிய சவ்வு போய்விடும். ஒன்றையாவது 95 சதவீத ஆல்கஹாலில் தனியாக வை, நாளைக்கு டி.என்.ஏ. எடுக்கலாம். லேபிளைப் பென்சிலில் எழுது. லேசர் பிரிண்ட் எழுத்து ஆல்கஹாலில் உதிர்ந்து குப்பியின் அடியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இடம், உயரம், தேதி, சலித்தவர் பெயர். ‘கொடைக்கானல்’ என்று மட்டும் எழுதினால் அது லேபிள் இல்லை, தபால் முத்திரை.

என் அனுபவம்: ஸ்லைடில் தூசி என்று விரலால் துடைத்தேன். இறகுச்சிறகு வண்டு. அரை மி.மீ.கூட இருந்திருக்காது.

சோலைக்குருவி:
அண்ணா, அவர் கேட்டது ஆலோசனை இல்லை.

இலைச்சருகு, எட்டு வருடமெல்லாம் ஒன்றுமே இல்லை. நெல்லோப்டோடிஸ் கிரேட்டே என்ற வண்டு இருக்கிறதே, பருவநிலைப் போராளி கிரேட்டா துன்பர்க் பெயர் வைத்தார்களே, 0.79 மி.மீ., கண்ணும் கிடையாது சிறகும் கிடையாது. நைரோபியில் 1964-65ல் மண்ணோடு அள்ளியது. லண்டன் அருங்காட்சியகத்தில் கிடந்து 2019ல்தான் பெயர் வந்தது. சேகரித்ததிலிருந்து பெயர் வைக்கும்வரை சராசரி 21 வருடம் என்று 2012ல் ஓர் ஆய்வே வந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. ஜெனீவா அருங்காட்சியகத்தில் ஒரு தட்டைத் திறந்தேன். பெசுஷே, லோப்ல், முஸார் மூவரும் 1972ல் நம் பக்கம் வந்து சலித்தவை. லேபிளில் பழனி மலை என்று இருந்தது. அம்மாவைப் பெற்ற ஊர். அந்த வருடம் தாத்தா அங்கே உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் கிடந்ததைப் பார்க்க நான் விசா எடுத்திருக்கிறேன். தட்டை மூடவே மனம் வரவில்லை.

முள்ளெலி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். நம் காட்டுப் பூச்சிக்கு ஹோலோடைப், பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி, அங்கே. நாம் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டும்.

சோலைக்குருவி:
நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் சலிக்காவிட்டால் அந்தப் பூச்சிகளில் பாதியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பல்லுயிர்ச் சட்டம் 2002ல் வந்தது, அவர்கள் வந்தது 1972ல். இப்போது புது இனம் என்றால் இங்கே அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். கடிதம் எழுதினால் பதில் போடுகிறார்கள், படமும் அனுப்புகிறார்கள். இங்கே ஒரு காப்பகத்தில் ஒரு தட்டைப் பார்க்க நான் காத்திருந்தது ஏழு மாதம்.

முள்ளெலி:
அது வேறு கதை.

புதியவன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ரவை டப்பாவில் சிவப்பாக ஒன்று ஊருகிறதே, அதுவும் இந்த வகைதானா?

கல்புரட்டி:
இல்லை. சலித்துவிட்டு வெயிலில் வையுங்கள்.

பனிவிழும்பாதை:
செலஃபினை ஒரே ஒரு தடவை உயிரோடு பார்த்தேன். ஆனைமலையில், வெள்ளைத் துணியில் சருகை உதறியபோது. எங்களோடு வந்த வாட்சர் அண்ணன்தான் காட்டினார், லென்ஸ் இல்லாமல். “அந்தா, மண்ணு நடக்குதுங்க.” ஸ்பிரிங்டெயில் ஒன்றை அது பிடித்ததையும் பார்த்தோம். உணர்கொம்பால் தட்டித் தட்டி வந்து, நின்று, ஒரே பாய்ச்சல். நான் உறிஞ்சுகுழாயை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். அன்று துணியில் இருந்தது அது ஒன்றுதான். “புடிக்கலைங்களா?” என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

இலைச்சருகு:
மேசைவிளக்கு அண்ணா, திட்டுங்கள், தகும். இப்போதெல்லாம் கிளிசரின்தான், ஃபேன் சுவிட்சுக்கே டேப் ஒட்டிவிட்டேன். அந்த இடத்துக்கு மூன்று தடவை திரும்பப் போய்ச் சலித்தேன். இரண்டு பெண் கிடைத்தது, ஆண் இல்லை. பெண்ணை மட்டும் வைத்து எழுதிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். விதியில் தடை இல்லைதான். ஆனால் அந்தப் பேரினத்தில் பெண்கள் எல்லாம் ஒரே அச்சு, பின்னால் வருகிறவர் என்னைத்தான் சபிப்பார்.

அன்று இரவு டார்ச்சைத் தரையோடு சாய்த்து ஒவ்வொரு சதுரமாகத் தேடினேன். அம்மாவிடம் ஒரு வாரம் கூட்ட வேண்டாம் என்றேன். ஒன்பதாம் நாள் கூட்டிவிட்டு, முறத்தில் இருந்ததைத் தினத்தாளில் கொட்டி மடித்து மேசையில் வைத்திருந்தார். அதையும் லென்ஸில் பார்த்தேன். உப்பு, முடி, பல்லி முட்டை ஓடு, கொசுவின் கால். இப்போதும் எப்போதாவது ஒரு பொட்டலம் மேசையில் இருக்கும்.