பெற்றோர் விவர ஷீட் லிங்க் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிடுச்சு, இப்போ என்ன செய்யணும்?

கெடிலக்கரை:
கடலூர்ல சின்ன தனியார் நடுநிலைப் பள்ளி, 340 பிள்ளைங்க. எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட மாணவர் விவரத் தளம்) ஏத்துறதுக்காக பிறந்த தேதி, ஆதார், சாதி, அப்பா செல் நம்பர், வங்கிக் கணக்கு எல்லாத்தையும் ஒரே கூகுள் ஷீட்ல நிரப்பியிருக்கு. "பேர் எழுத்துப்பிழை இருந்தா சொல்லுங்க"ன்னு அந்த லிங்க் பெற்றோர் குழுவுக்குப் போயிடுச்சு. ஆதார், வங்கி நெடுவரிசை (காலம்) ரெண்டையும் 'ஹைட்' பண்ணித்தான் அனுப்பினது. அது போதுமா?

மஞ்சக்குப்பம்_கணினி:
போதாது சார். ஹைட் பண்ணின காலம் கண்ணுக்குத்தான் மறையும். ஷீட்டைத் திறந்தவங்க 'நகல் எடு' கொடுத்தா அவங்க நகல்ல அதை அன்ஹைட் பண்ணிடலாம். எக்செல் கோப்பா அனுப்பினாலும் இதே கதைதான்.

முதல்ல 'பகிர்' பொத்தானை அழுத்தி, 'லிங்க் உள்ள எவரும்' என்பதை 'கட்டுப்படுத்தப்பட்டது'ன்னு மாத்துங்க. லிங்க் அந்த நிமிஷமே செத்துடும். அடுத்து குழு அட்மின் அந்தச் செய்தியை எல்லாருக்கும் நீக்கணும். ஆனா ஏற்கெனவே டவுன்லோட் ஆனது, ஃபார்வர்ட் ஆனது எதுவும் திரும்பி வராது. அதனால இன்னிக்கே பெற்றோருக்குச் சொல்லிடுங்க. மறைச்சா பாதிப்பு பெருசாகும்.

என்ன சொல்லணும்னா: "உங்க பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கு"ன்னு போன் வரலாம். பிள்ளை பேரு, வகுப்பு, அப்பா பேரு மூணையும் சரியா சொல்றதாலதான் ஜனங்க நம்பிடுறாங்க. பணம் நம்ம கணக்குக்கு வர்றதுக்கு யுபிஐ பின் போடவே தேவையில்ல, க்யூஆர் ஸ்கேன் பண்ணவும் தேவையில்ல. பணம் போயிட்டா தாமதிக்காம சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்கணும்.

ஷீட் யார் கணக்குல இருக்குன்னும் பாருங்க. ஆசிரியரோட சொந்த ஜிமெயில்ல இருந்தா, அவங்க வேலையை விட்டுப் போனாலும் 340 வீட்டு விவரம் அவங்க கையிலதான். பள்ளிக் கணக்குக்கு உரிமையை மாத்தி, இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டுடுங்க.

முத்தியால்பேட்டை_டீச்சர்:
பேர் சரிபார்க்க ஷீட்டே வேண்டாம் சார். ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டுச்சீட்டு அச்சடிச்சு, மடிச்சு டைரியில பின் அடிச்சு அனுப்பினா மறுநாள் கையெழுத்தோட வந்துடும். அதுல ஆதாரோட கடைசி 4 எண் போதும்.

அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே எல்லா அம்மாக்களோட நம்பரும் எல்லாருக்கும் தெரியுது, கவனிச்சீங்களா? கம்யூனிட்டியா மாத்தி அறிவிப்புப் பகுதியில மட்டும் செய்தி போட்டா, நம்பரை ஏற்கெனவே சேமிச்சு வெச்சிருக்கிற ஆளைத் தவிர மத்த பெற்றோருக்கு அது தெரியாது. உள்ள தனித்தனி வகுப்புக் குழு வெச்சா மறுபடி தெரிய ஆரம்பிச்சிடும்.

காகிதத்தை மறந்துடாதீங்க. பழைய சேர்க்கைப் படிவக் கட்டு எடைக்குப் போயி, பஜ்ஜி மடிக்கிற தாளா வரும். ஒரு மூலையில பிள்ளையோட போட்டோ, கீழ ஆதார் ஜெராக்ஸ். கிழிச்சுப் போட்டா ஒட்ட வெச்சிடலாம். குறுக்கும் நெடுக்குமா வெட்டுற ஷ்ரெடர் வாங்குங்க. டிசி, சேர்க்கைப் பதிவேடெல்லாம் நிரந்தரம், அதைத் தொடக்கூடாது. தானே, ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்த ஊரு நம்மளுது. தரைத்தளத்துல, கீழ்த்தட்டுல வைக்காதீங்க. தொலைஞ்சு போகாம காக்குறதும் பாதுகாப்புதான்.

கெடிலக்கரை:
லிங்க் மூடியாச்சு, நன்றி. ஆதார் ஜெராக்ஸ் தராத பெற்றோர்கிட்ட கட்டாயப்படுத்தலாமா?

மஞ்சக்குப்பம்_கணினி:
கூடாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லன்னு உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-ல சொல்லியாச்சு. தர்றவங்ககிட்டயும் அட்டையைப் பார்த்துப் பதிஞ்சுட்டுக் கையோட திருப்பிக் கொடுங்க. நகல் கண்டிப்பா வேணும்னா, கடைசி 4 எண் மட்டும் தெரியிற மாஸ்க்டு ஆதார் போதும்.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ எல்லாரும் குழந்தை. பெற்றோரோட சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேணும். விதிகள் 2025 நவம்பர்ல வந்தாச்சு, முக்கியக் கடமைகளுக்கு 18 மாச அவகாசம். குழந்தைகள் தரவு விஷயத்துல மீறினா அபராதம் 200 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம். படிவத்துல ஒவ்வொரு கட்டத்துக்கும் "இது எதுக்கு?"ன்னு கேளுங்க. அப்பாவோட மாத வருமானம் எமிஸுக்கோ உதவித்தொகைக்கோ தேவைப்பட்டா அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் வாங்குங்க, 340 பேர்கிட்டயும் வேண்டாம்.

முத்தியால்பேட்டை_டீச்சர்:
இன்னொண்ணு: பிரவுசிங் சென்டர்ல எமிஸ் பட்டியல் பிரிண்ட் எடுத்தா டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின் ரெண்டையும் காலி பண்ணிட்டு, லாக்அவுட் பண்ணிட்டு எழுந்திருங்க. முடிஞ்சா பள்ளியிலேயே ஒரு பிரிண்டர் வாங்கிடுங்க.