ஈசாக்குக்கு அப்போது என்ன வயது?

தேரிக்காட்டான்:
கடவுள் சொன்னார் என்று ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போய், கடைசியில் தேவதூதன் தடுத்த கதையைப் பற்றி நேற்று இங்கே ஒருவர், "ஐந்து வயதுப் பிள்ளையைக் கட்டிப்போட்டுக் கத்தியை ஓங்கியவனை விசுவாசத்தின் தகப்பன் என்று கொண்டாடுகிறீர்களே" என்று எழுதியிருந்தார். ஐந்து வயது என்று எந்த வசனத்தில் இருக்கிறது? வேதத்தில் ஆதியாகமம் 22:6-ஐ வாசியுங்கள். தகனபலிக்கான கட்டைகளை ஆபிரகாம் மகன்மேல்தான் வைத்தார். ஓர் ஆளை எரிக்கிற விறகு! ஐந்து வயதுப் பிள்ளை அதைச் சுமந்து மலையேறுமா? அவன் தாய் சாராள் 90 வயதில் அவனைப் பெற்றாள், 127-இல் இறந்தாள். கழித்தால் 37.

முருகன்குறிச்சிக்காரன்:
அந்த ஒருவர் நான்தான், அண்ணாச்சி. அடுத்த அதிகாரத்தில் சாராள் இறந்தால் அதே வருஷம் என்று ஆகிவிடுமா? 5-ஆம் வசனம் "பிள்ளையாண்டான்" என்கிறது. உங்கள் ஊரில் 37 வயதுப் பிள்ளையாண்டான் உண்டோ?

தேரிக்காட்டான்:
எபிரெயத்தில் அது "நஆர்". 3-ஆம் வசனத்தில் கூடப்போன வேலைக்காரர் இருவருக்கும் அதே சொல்தான். அவர்களும் பால்குடிப் பிள்ளைகளா? கட்டைக்குப் பதில் சொல்லுங்கள்.

இடையன்குடி மருமகன்:
முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் 25 வயது என்று எழுதியிருக்கிறார்.

தேரிக்காட்டான்:
ஜோசிபஸ் எப்போது வேதத்தில் சேர்ந்தார்?

நாசரேத் அக்கா:
வயது கிடக்கட்டும். அதிகாலையில் கழுதைக்குச் சேணம் கட்டிப் புறப்பட்டவர் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொன்னதாக இல்லையே. 19-ஆம் வசனத்தில் வேலைக்காரரிடம் திரும்பி வருகிறவர் ஆபிரகாம். மகனின் பெயரே இல்லை. அவன் எங்கே போனான்? தகப்பனிடம் மறுபடி முகம் கொடுத்துப் பேசினானா?

போன மாதம் ஆராதனையில் லூக்கா 14:26 வாசித்தார்கள். தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று இயேசு சொல்கிற இடம் வந்ததும், பன்னிரண்டு வயது மகன் என் முந்தானையை இழுத்து, "உங்களையுமா அம்மா?" என்றான். மத்தேயு 10:37-இல் "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்" என்றுதானே இருக்கிறது, அதுதான் பொருள் என்று காதோடு சொன்னேன். "அப்படியானால் வெறுக்க என்று ஏன் போட்டிருக்கிறது?" என்றான். இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேரிக்காட்டான்:
பன்னிரண்டு வயது என்கிறீர்கள், அக்கா. அவனால் அவ்வளவு விறகு சுமக்க முடியுமா?

இடையன்குடி மருமகன்:
விறகைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு கணக்கு வேண்டாமா? போன அசனத்துக்கு, அதுதான் சபையார் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, விறகு என் பொறுப்பு என்று எழுந்து நின்று சொன்னவர் இவர். வந்து இறங்கியது ஈர உடைமரக் கட்டை. அடுப்படியில் நின்றவர்களுக்குக் கண் எரிந்ததுதான் மிச்சம். பந்தி போட மூன்று மணி ஆனது.

தேரிக்காட்டான்:
முந்தின நாள் மழை பெய்தது என் குற்றமா? நன்கொடைச் சீட்டில் ஐம்பது ரூபாய் எழுதிவிட்டு நான்கு வாளி சோறு வீட்டுக்குக் கொண்டுபோனவர் என்னைக் கேட்கிறார்.

இடையன்குடி மருமகன்:
இரண்டு வாளி. என் மாமியார் நடமாட முடியாதவர்.

நாசரேத் அக்கா:
நான் கேட்டது அப்படியே கிடக்கிறது.

முருகன்குறிச்சிக்காரன்:
எனக்கும் அதுதான் கேள்வி, அக்கா. ஐந்தானாலும் முப்பத்தேழானாலும் கத்தி கத்திதானே? ஆனால் அண்ணாச்சியின் கட்டைக்கும் பதில் இருக்கிறது. மூன்று நாள் வழியெல்லாம் சுமந்தது கழுதை. கடைசி ஏற்றம் மட்டும்தான் பையன்.

தேரிக்காட்டான்:
கழுதை சுமந்தது என்று எந்த வசனத்தில் இருக்கிறது?