குறைந்த சிபில் மதிப்பெண்ணும் பழைய கார் கடனும்: வடசென்னை அனுபவங்கள்

எண்ணூரிலிருந்து:

சிபில் மதிப்பெண், அதாவது நாம் கடன்களைக் கட்டிய விதத்தைப் பார்த்துக் கடன் தகவல் நிறுவனம் தரும் எண், குறைந்தவருக்குப் பழைய கார் வாங்கக் கடனே கிடைக்காது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் கண்டவரை கடன் கிடைக்கத்தான் செய்கிறது. வங்கி மறுத்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் தருகிறோம் என்பவர்கள் நம் பகுதியில் நிறையவே இருக்கிறார்கள். அப்படி எளிதாகக் கிடைக்கும் கடன் உண்மையில் என்ன விலைக்கு வருகிறது என்பதை, என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மணலி பக்கத்தில் கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் ஒப்பந்தப் பணியாளராக இருக்கிறேன். 2020 ஊரடங்கில் சம்பளம் நின்றபோது கிரெடிட் கார்டு பாக்கி ஏறியது. மறு ஆண்டு அந்தக் கார்டு நிறுவனம் பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்துக்கொண்டது. அவ்வாறு முடித்த கணக்கு கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்றே பதிவாகும் என்பதையும், முழுத் தொகையும் கட்டி முடித்த கணக்குக்கு உள்ள மதிப்பு அதற்குக் கிடைக்காது என்பதையும் அன்று பேசிய வசூல் முகவர் சொல்லவில்லை. அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய் வருவது அவருக்குத் தாங்க முடியாததாகிவிட்டது. கார் எங்களுக்கு அவசியமானது அப்போதுதான்.

மாதவரத்தில் பார்த்த 2016ஆம் ஆண்டு வேகன் ஆர் வண்டிக்கு 2,60,000 ரூபாய் விலை சொன்னார்கள். வங்கியில் மதிப்பெண்ணைப் பார்த்ததுமே விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அதன் பின் தரகர் ஒருவர் அழைத்துச் சென்ற ஃபைனான்ஸ் அலுவலகத்தில், 80,000 ரூபாய் முன்பணம் கட்டினால் மீதி 1,80,000 ரூபாயை மூன்றாண்டுக் கடனாகத் தருகிறோம், வட்டி 12 சதவீதம்தான் என்றார்கள். வங்கியே ஏறக்குறைய அந்த வட்டியைத்தானே கேட்கும் என்று முதலில் தோன்றும். ஆனால் அது ஃபிளாட் வட்டி. அதாவது மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், மூன்று ஆண்டுகளுக்கும் முழு 1,80,000 ரூபாய்க்கே வட்டி போடுவார்கள். வட்டி மட்டும் 64,800 ரூபாய், மாதத் தவணை 6,800 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் இதையே கணக்கிட்டால் ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதோடு ஆவணக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று 9,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 1,71,000 ரூபாயை மட்டுமே விற்பவருக்குக் கொடுப்பார்களாம். தவணையோ 1,80,000 ரூபாய்க்கு. அதையும் சேர்த்தால் உண்மை வட்டி ஏறத்தாழ 25 சதவீதம் ஆகிறது. தேதி நிரப்பாத காசோலைகளும், விவரம் நிரப்பாத ஃபார்ம் 29, ஃபார்ம் 30 தாள்களில் கையெழுத்தும் கேட்டார்கள். பெயர் மாற்றத்துக்கான அந்த இரண்டு படிவங்களையும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், நமக்குத் தெரியாமலே வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் வழியை நாமே திறந்துவிட்டதாகும்.

நான் கேட்டது ஒரே ஒரு தாளை. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியானாலும் ஃபைனான்ஸ் நிறுவனமானாலும், புதிதாகத் தரும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் கே.எஃப்.எஸ். எனப்படும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அந்தத் தாளில் இருந்தாக வேண்டும். அதைக் கேட்டதும், "உங்கள் மதிப்பெண்ணுக்கு இதையெல்லாம் கேட்கலாமா?" என்று அந்த அலுவலகத்தில் சொன்னார்கள். இந்தச் சொல்லுக்கு அஞ்சித்தான் நம்மில் பலர் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். மதிப்பெண் குறைந்தவரிடம் கூடுதல் வட்டி கேட்கலாம். அந்த வட்டி எவ்வளவு என்பதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

அதன் பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்டு நிறுவனம் அன்று தள்ளுபடி செய்த தொகையைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கினேன். பதிவும் 'க்ளோஸ்டு' என்று மாறியது. மதிப்பெண் உடனே உயர்ந்துவிடவில்லை, ஆயினும் அடுத்து விண்ணப்பித்த இடத்தில் மதிப்பெண்ணைவிட அந்தச் சான்றையே கவனமாகப் படித்தார்கள். நகைக்கடன்களைத் தவறாமல் கட்டிவந்த என் மனைவி இணை விண்ணப்பதாரராகச் சேர்ந்தார். சீட்டு எடுத்த பணத்தில் முன்பணத்தை 1,20,000 ரூபாயாக உயர்த்தினோம். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்று 1,40,000 ரூபாயைக் குறையும் அசலுக்கு 17 சதவீத வட்டியில், இரண்டாண்டுத் தவணையில் தந்தது. மாதம் 6,922 ரூபாய். தவணை முன்னதைவிடச் சற்றே அதிகம். ஆனால் மொத்த வட்டி 26,000 ரூபாயை ஒட்டியே வருகிறது.

வியாசர்பாடியிலிருந்து:

எண்ணூர் சகோதரர் எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். நான் தனியார் பள்ளி ஆசிரியை. பழைய கார் கடனுக்கு விண்ணப்பித்தபோது, நான் வாங்கவே வாங்காத இருசக்கர வாகனக் கடன் ஒன்று என் அறிக்கையில் தவணை தவறியதாக இருந்தது. என் பெயரும் பிறந்த ஆண்டும் கொண்ட வேறொருவரின் கணக்கு என் பான் எண்ணோடு தவறாக இணைக்கப்பட்டிருந்தது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பலர் சிபிலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். என் அறிக்கைகளில் இரண்டில் பிழை இருந்தது, இரண்டில் இல்லை.

பிழையைச் சுட்டி இணையவழியில் புகார் அளித்தால் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் 2024 ஏப்ரல் முதல் விதி நடைமுறையில் உள்ளது. எனக்குக் குறித்த காலத்துக்குள்ளேயே திருத்திக் கொடுத்தார்கள். புகார் எண்ணையும் அனுப்பிய நாளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிழை திருந்தும்வரை வேறெங்கும் விண்ணப்பிக்காமல் இருப்பதும் நல்லது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கடன் நிறுவனம் அறிக்கையைக் கேட்டுப் பெறுவதால், அடுத்தடுத்து விண்ணப்பித்தால் மதிப்பெண் மேலும் இறங்கும்.

திருவொற்றியூரிலிருந்து:

இருவரும் எழுதியவற்றில் வராத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பல ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுபவன். கடன் மறுக்கப்பட்டவர்களிடம் தரகர்கள் அடுத்துச் சொல்வது, "பெயர் மாற்ற வேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு பழைய ஓனரின் டியூவை நீங்கள் கட்டி வாருங்கள்" என்பதுதான். தேரடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் வண்டி எடுத்தார். ஓராண்டுக்கு மேல் மாதம் தவறாமல் டியூ பணத்தை ஓனரிடம் கொடுத்துவந்தார். ஓனர் அதை நிறுவனத்தில் கட்டவில்லை. வண்டியைக் கைப்பற்ற ஆட்கள் வந்தபோது, இவரிடம் இருந்தது கைப்பட எழுதிய ஒரு துண்டுத் தாள் மட்டுமே. நிறுவனத்தின் பார்வையில் இவர் யாருமில்லை. அவர் கொடுத்த முன்பணமும் டியூவும் இன்றுவரை திரும்பி வரவில்லை.

பெயர் மாற்றாத வண்டி விற்றவரையும் விடாது. பதிவுச் சான்றில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடிப்பது இருவருக்குமே பாதுகாப்பு. பேசி முடிப்பதற்கு முன் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால், வண்டியின் மேல் ஹெச்.பி., அதாவது கடன் நிறுவனத்தின் அடமானப் பதிவு, இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இருந்தால், விற்பவர் கடனை முடித்து, நிறுவனத்தின் என்.ஓ.சி. எனப்படும் ஆட்சேபணையில்லாச் சான்றோடு ஃபார்ம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகே முழுப் பணத்தையும் தர வேண்டும்.

வண்டியைப் பற்றியும் ஒரு சொல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதிகளில் தண்ணீரில் நின்ற கார்கள் பல, உள்ளே துடைத்து மெருகேற்றி விற்பனைக்கு வந்தன. கடன் நிறுவனத்திலிருந்து வரும் மதிப்பீட்டாளர் வண்டியின் விலையைத்தான் பார்க்கிறார். இயந்திரம் பழுதானாலும் டியூ நிற்காது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை உள்ளதா என்று பாருங்கள், தரைவிரிப்பைத் தூக்கித் துருவைப் பாருங்கள். முந்தைய காப்பீட்டுக் கோரிக்கைகளின் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எண்ணூர்த் தம்பிக்கு: இரண்டாண்டுத் தவணை முடிந்ததும் என்.ஓ.சி.யைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் தன்னிடமுள்ள அசல் ஆவணங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. என்.ஓ.சி.யை வாங்கிய கையோடு ஆர்.டி.ஓ.வில் ஹெச்.பி. நீக்கத்தையும், காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள நிறுவனத்தின் பெயர் நீக்கத்தையும் முடித்துவிடுங்கள். பலர் இரண்டாவதைச் செய்வதில்லை.