அமெரிக்க ஒதுக்கீட்டு மசோதாக்கள்: ஓப்பன் ரூல் திரும்ப வரவேண்டுமா?

தண்டவாளம்:
2023 நவம்பரில் ஒன்பதே நாளில் மூன்று ஒதுக்கீட்டு மசோதாக்கள் (அரசுத் துறைகளின் ஆண்டுச் செலவுக்குப் பணம் ஒதுக்குபவை) பிரதிநிதிகள் சபையில் சிக்கிக்கொண்டன. 7-ஆம் தேதி இரவு போக்குவரத்து–வீட்டுவசதி மசோதாவை இறுதி வாக்கெடுப்புக்கு விடாமல் தலைமை நிறுத்தியது. ஆம்ட்ராக் என்ற தேசியப் பயணிகள் ரயிலுக்கான நிதி வெட்டை, பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியின் வடகிழக்கு உறுப்பினர்களே ஏற்கவில்லை. 9-ஆம் தேதி அரசு நிர்வாகச் செலவு மசோதாவும் நின்றது. 15-ஆம் தேதி, நாசா அடங்கிய வணிகம்–நீதி–அறிவியல் மசோதாவுக்கான விவாத விதியே (எப்படி விவாதிப்பது, எந்தத் திருத்தங்கள் வரலாம் என்று அவை முதலில் வாக்களித்து ஏற்கும் விதி) 198–225 என்று தோற்றது.

காரணம் ஸ்ட்ரக்சர்டு ரூல் என்ற வகை விவாத விதி. திருத்தங்களை முன்கூட்டியே, விவாத விதியை வகுக்கும் விதிகள் குழுவிடம் கொடுக்க வேண்டும். 13 பேரில் 9 பேர் பெரும்பான்மைக் கட்சி. அவர்கள் பொறுக்கி எடுத்தவை மட்டும் அவைக்கு வரும். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், இரு தரப்புக்கும் ஐந்தைந்து. மற்றவை குழு அறையோடு சரி. ஓப்பன் ரூல் என்ற வகையில், மசோதாவின் ஒரு பத்தி வாசிக்கப்படும்போது எந்த உறுப்பினரும் எழுந்து திருத்தம் கொடுக்கலாம். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
நோயைச் சரியாகச் சொன்னீர்கள், மருந்து தப்பு. ஓப்பன் ரூல் ஏன் நின்றது? 2016 மே மாதம் எரிசக்தி–நீர்வள மசோதா ஓப்பன் ரூலில் வந்தது. ஒப்பந்ததாரர்கள் தன்பாலினத்தவரைப் பாகுபடுத்தக் கூடாது என்ற திருத்தம் நிறைவேறியது. அடுத்து மசோதாவே 112–305 என்று விழுந்தது. மசோதாவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சண்டை வருஷக் கணக்கையே கவிழ்த்தது.

இன்னொன்று. ஒதுக்கீட்டு மசோதாவுக்கு முன்னுரிமை உண்டு. இப்படித் தனியாக ஒரு விவாத விதி இல்லாமலே அவைக்குக் கொண்டுவரலாம். பிறகு ஏன் விதி கேட்கிறார்கள்? அவை விதி 21-இன் 2-ஆம் பிரிவுக்காக. ஒரு செலவை அனுமதிக்கும் தனிச் சட்டம் (அங்கீகாரச் சட்டம்) காலாவதியாகியும் அந்தச் செலவு மசோதாவில் இருந்தால், ஒரே ஒரு உறுப்பினர் ஒழுங்குப் பிரச்சினை (விதிமீறல் என்ற ஆட்சேபம்) எழுப்பி அந்தப் பத்தியைத் தூக்கிவிடலாம். நீதி அமைச்சகத்தின் பொது அங்கீகாரம் 2009 நிதியாண்டோடு முடிந்துவிட்டது. இந்த ஆட்சேபத்திலிருந்து விலக்கு கொடுக்கும் விவாத விதி இல்லாவிட்டால் வணிகம்–நீதி–அறிவியல் மசோதாவின் இரண்டாம் தலைப்பு, அதாவது நீதிக்கான பகுதி, சல்லடையாகிவிடும்.

தண்டவாளம்:
விலக்கு வேறு, திருத்தத்துக்குக் கதவடைப்பது வேறு. ஓப்பன் ரூலிலும் மசோதாவிலுள்ள பத்திகளுக்கு விலக்கு கொடுத்துத்தான் வந்தார்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

மூன்றாம்தலைப்பு:
ஓப்பன் ரூல் ஆதரவாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பத்தி பத்தியாக முன்னோக்கியே நகரும். கடந்த பத்திக்குத் திரும்ப முடியாது. வணிகம்–நீதி–அறிவியல் மசோதாவில் வணிகம் முதல் தலைப்பு, நீதி இரண்டு, அறிவியல் மூன்று. தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குக் கூடுதல் பணத்தை வணிகத் தலைப்பிலிருந்து எடுக்க நினைத்தால், முதல் தலைப்பின் அந்தப் பத்தி வாசிக்கப்படும்போதே இரண்டு மாற்றத்தையும் சேர்த்து ஒரே திருத்தமாகக் கொடுக்க வேண்டும். அறிவியல் வரட்டும் என்று காத்திருந்தால் எடுக்க வேண்டிய பணம் ஏற்கெனவே தாண்டிப் போயிருக்கும். புது உறுப்பினர்களின் அலுவலகம் சறுக்குவது இங்கேதான்.

கணக்குப்பிள்ளை:
அருமையான புள்ளி. அதோடு செலவு வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மசோதாவைத் தயாரிக்கும் துணைக்குழுவுக்குக் கிடைத்த மொத்தப் பானை ஒன்றுதான். ஏற்றினால் அதே மசோதாவில் இன்னொன்றை இறக்க வேண்டும். ஒதுக்கீடு சமமாக இருந்தால் மட்டும் போதாது, அந்த ஆண்டு கையை விட்டுப் போகும் பணமும் கூடக் கூடாது. போக்குவரத்து மசோதாவில் மெட்ரோ கட்டுமான மானியத்தில் 10 கோடி டாலர் குறைத்து வாடகை உதவிக்கு 10 கோடி கொடுத்தால், காகிதத்தில் சரி. ஆனால் கட்டுமானப் பணம் வருஷக்கணக்கில் மெல்லக் கரையும். வாடகைப் பணம் பெரும்பாலும் உடனே போய்விடும். முதல் ஆண்டுச் செலவு ஏறிவிடும், ஒழுங்குப் பிரச்சினையில் திருத்தம் செத்துவிடும். காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) பட்ஜெட் அலுவலகத்தில் முன்பே கணக்கு வாங்காமல் அவையில் எழுந்தால் பலன் இல்லை. முன்கூட்டியே கொடு என்று விதிகள் குழு கேட்பதில் இந்த நியாயமும் இருக்கிறது.

தண்டவாளம்:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் முன்கூட்டிக் கொடுப்பதை மட்டும் கட்டாயமாக்குங்கள், பொறுக்குவதை விடுங்கள். திருத்தம் முந்தின நாளே காங்கிரஸ் பதிவேட்டில் (அவை நடவடிக்கைகளின் அதிகாரபூர்வ ஏட்டில்) அச்சாகியிருந்தால் போதும், விவாதத்துக்கு மொத்த மணிக்கணக்கு ஒரு உச்சவரம்பு. இப்படிப்பட்ட விதிகள் முன்பும் இருந்தவைதான். ஆம்ட்ராக் வெட்டை எதிர்த்தவர்கள் அவையிலேயே எண்ணிக்கை காட்டித் தோற்றிருப்பார்கள் அல்லது ஜெயித்திருப்பார்கள். இப்போது நடந்தது என்ன? அறிவியலும் போக்குவரத்தும் 2024 மார்ச் 9-இல் ஆறு மசோதா மூட்டையில் சட்டமாயின, நிர்வாகச் செலவு மார்ச் 23-இல். நிதியாண்டு தொடங்கியதோ 2023 அக்டோபர் 1. அந்த மூட்டைக்கு அவையில் ஒரு திருத்தம்கூட அனுமதி இல்லை.

கணக்குப்பிள்ளை:
உச்சவரம்போடு என்றால் போக்குவரத்து மசோதாவில் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் "இந்தச் சட்டத்தின் பணம் எதையும் இன்னதற்குச் செலவிடக் கூடாது" என்று கடைசியில் ஒட்டப்படும் தடைத் திருத்தங்களுக்கு எண்ணிக்கை வரம்பு வையுங்கள். 2016-இல் மசோதாவைக் கவிழ்த்தது பண மாற்றமல்ல, அந்த வகைத் திருத்தம்தான்.

மூன்றாம்தலைப்பு:
எண்ணிக்கை வரம்பு வைத்தால் எதை விடுவது என்று யாரோ பொறுக்கியாக வேண்டும். அந்த யாரோ மறுபடி அதே 13 பேர்தான்.

தண்டவாளம்:
கட்சிக்கு இத்தனை என்று சமமாகப் பிரித்துக் கொடுத்தால் பொறுக்குவது அந்தந்தக் கட்சியின் வேலை.