வெள்ளத்துக்குப் பின் உதவ வருவோரை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வி:
வணக்கம். எங்கள் குடியிருப்பில் சுமார் 120 வீடுகள் உள்ளன. சென்ற முறை வெள்ளம் வடிந்த மறுநாளே உதவிக்குப் பலர் வந்துவிட்டார்கள். ஆனால் யார் எந்த வீட்டுக்குப் போவது என்று சொல்ல ஆளில்லாததால், தெருமுனை வீடுகளில் பத்துப் பேர் கூடி நிற்க, உட்சந்தில் தனியாக வாழும் முதியவர் ஒருவர் மூன்று நாள் சேற்றுக்குள்ளேயே இருந்தார். அது இன்னும் மனத்தை உறுத்துகிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு குழு அமைக்க வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
வீட்டுப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். யாரால் தனியே நடக்க இயலாது, யார் இன்சுலினையோ ஆக்சிஜன் கருவியையோ நம்பியிருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதை அவரவர் சம்மதத்துடன் குறித்து, காகிதத்திலும் ஒரு படி வைத்திருங்கள். மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போகும் நேரத்தில்தான் அது தேவைப்படும். பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். ஜப்பானின் கோபே நகரில் 1995இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே கொண்டுவந்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாருமே.

பதில் 2:
பட்டியலுடன் பயிற்சியும் வேண்டும் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சியற்ற தன்னார்வலர்கள் ஏறக்குறைய 800 பேரைக் காப்பாற்றினார்கள். அந்த முயற்சியில் அவர்களிலேயே சுமார் 100 பேர் உயிரிழந்தார்கள். நனைந்த வீட்டுக்குள் நுழையுமுன் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்ய வேண்டும். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே புகக்கூடும் என்பதால், முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கையுறையும் இல்லாதவரைச் சேற்றில் இறக்காதீர்கள். பிளீச்சிங் பவுடருடன் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தைச் சேர்த்தால் நச்சு வாயு உண்டாகும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஒருபோதும் இயக்கக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

பதில் 3:
வருகிற எல்லாரையும் முதல் இரண்டு நாளிலேயே களைப்படையச் செய்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரே ஒருங்கிணைப்பாளர். பெயரையும் தெரிந்த வேலையையும் எழுதிக்கொண்டு, சிலரை மூன்றாம் வாரத்துக்கென ஒதுக்கிவையுங்கள், ஏனெனில் நிவாரண விண்ணப்பம் எழுதுவது, சுவர் காய்ந்தபின் பழுதுபார்ப்பது போன்ற நீண்ட வேலைகள் அப்போதுதான் வரும். சேதத்தைப் படம் எடுக்காமலும் வீட்டுக்காரரைக் கேட்காமலும் எதையும் குப்பையில் போட வேண்டாம். நமக்குக் குப்பையாகத் தெரிவது அவருக்கு இறந்துபோன மனைவியின் ஒரே புகைப்படமாக இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விவரம் தர மறுப்பவர்களின் வீட்டை எப்படிக் குறிப்பது?

பதில் 1:
கதவு எண்ணை மட்டும் எழுதுங்கள். எச்சரிக்கை வந்ததும் அந்தக் கதவையும் தட்டுங்கள்.