மழை பிடித்தால் கேமரா வீடியோ இழுபடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை இறங்கினால் லைன் வீடுகளுக்கு (தொழிலாளர் குடியிருப்பு) உடனே எச்சரிக்கை போக மூன்று கேமராக்கள் வைத்திருக்கிறோம். 1080பி, நொடிக்கு 25 ஃபிரேம், ஹெச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), ஒவ்வொன்றுக்கும் பிட்ரேட் நொடிக்கு 4 மெகாபிட். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் 1.2 கிலோமீட்டர் தாண்டி அலுவலகக் கணினிக்கு வருகிறது. படத்தில் காட்டெருமையை அடையாளம் காணும் ஏஐ மாடல் ஓடுவதும் அங்கேதான்.

இந்த அலைவரிசையில், இந்தத் தூரத்துக்கு மழைத்துளி பெரிதாகக் கெடுக்காது. குறுக்கே நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நனைந்த இலைகள்தான் சிக்னலைக் குடிக்கின்றன. ஐ-ஃபிரேம் என்பது முழுப் படத்தையும் தாங்கி வருவது, இடையில் வருபவை மாற்றத்தை மட்டும் சொல்பவை. அந்த ஐ-ஃபிரேமில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தவறினாலும் அடுத்த ஐ-ஃபிரேம் வரை, அதாவது 50 ஃபிரேம், 2 நொடி, படம் கட்டம் கட்டமாக இழுபடுகிறது. தேயிலைப் புதர் மேல் படியும் அந்தச் சாம்பல் கறையை மாடல் காட்டெருமை என்கிறது! தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத யுடிபியை விட்டு, திரும்ப அனுப்பும் டிசிபிக்கு மாற்றினால் படம் சுத்தம், ஆனால் தாமதம் 9 நொடி வரை ஏறுகிறது. பிள்ளைகள் நடக்கும் பாதைக்கு அது ஆகாது. பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுக்கும் குறியான டிஎஸ்சிபி 34 போட்டாயிற்று. அது வரிசையில் முந்த உதவும், காற்றில் தொலைந்ததை மீட்காது.

ஐ-ஃபிரேம் இடைவெளியை 25 ஆக்கி, பிட்ரேட்டை ஏற்றாமல் விட்டால் தூரத்து மாடு மங்கிவிடுமா? ஆர்டிபியில் (வீடியோவை நேரலையாக அனுப்பும் நெறிமுறை) எஃப்இசி, அதாவது தொலைந்ததை மீட்கக் கூடுதல் பாக்கெட் அனுப்பும் முறை, போட்டவர்கள் எத்தனை சதவீதம் வைத்தீர்கள்? மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள், அதற்கு அனுமதி கிடையாது.