துரத்தும்போது இரை எந்தப் பக்கம் ஓடுதுங்க? பார்த்தவங்க சொல்லுங்க

காட்டுவழி:
நாய் முயலைத் துரத்துறதை எல்லாரும் பார்த்திருப்பீங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன். நடுவுல ஒரு முழம்கூட இல்ல. நாய் வாயைத் திறந்தாச்சு. சடார்னு திரும்புச்சு பாருங்க முயல், நாய் வந்த பக்கமாவே, அதோட விலாவை உரசிக்கிட்டு! நாய் நிக்க முடியாம சறுக்கிப் புழுதியில புரண்டுச்சு. வாய் இருக்கிற பக்கமே ஓட எப்படித் தைரியம் வந்துச்சு? இன்னும் மண்டையைக் குடையுது.

ஒத்தையடி:
தைரியமெல்லாம் இல்லைங்க. வேகம் கூடினா திரும்புறதுக்கு இடமும் கூட வேணும். நாய் பெருசு, வேகம் ஜாஸ்தி, அதனால வட்டமும் பெருசு. ஆனா முயல் சீக்கிரமே திரும்பினா நாய் குறுக்கே வெட்டிடும். அதான் கடைசி நொடி வரை இழுத்தடிக்குது. சிவிங்கிப்புலி, இம்பாலா மான், சிங்கம், வரிக்குதிரை எல்லாத்துக்கும் கழுத்துப்பட்டை மாட்டி அளந்த ஆய்வு 2018ல வந்துச்சு. வேட்டையாடுற விலங்குக்குத்தான் வேகம் எடுக்கிற திறன் 37%, வேகத்தைக் குறைக்கிற திறன் 72% அதிகம். அப்படியும் இரை தப்பிக்குதுன்னா, எப்போ, எந்தப் பக்கம் திரும்பணும்னு முடிவு பண்றது அதுதானே. முழு வேகத்துல ஓடினா அந்த வசதி போயிடும்.

ராத்திரிப்பூச்சி:
என்னோடது கரப்பான்பூச்சி. லைட்டைப் போட்டேன், செருப்பைத் தூக்கினேன், செருப்பு பாதி தூரம் வர்றதுக்குள்ள அது இடத்துல இல்ல. பின்பக்கம் ரெண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அதுல இருக்கிற மயிருக்குக் காத்து பட்டா போதுமாம், கால் ஓட ஆரம்பிச்சிடும். இடதுன்னு நினைச்சா வலது, வலதுன்னா நேரா. ஒத்தையடி அண்ணா, கணக்காவது வட்டமாவது, எல்லாம் குருட்டாம்போக்குதான்.

நீர்க்கோழி:
குருட்டாம்போக்கு இல்லை. அதே கரப்பானை வைத்து 2008இல் அளந்திருக்கிறார்கள். ஆபத்து வரும் திசையிலிருந்து சுமார் 90, 120, 150, 180 டிகிரி என்று சில கோணங்களைத்தான் அதிகம் எடுக்கிறது. இந்த முறை எது என்பதுதான் நமக்குப் பிடிபடாது.

எப்போதும் ஒரே பக்கம் ஓடினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாடித் தொட்டியில் பார்த்தேன். மூக்கில் இரண்டு உணர்கொம்புள்ள நீர்ப்பாம்பு, தூண்டில் முள்போல வளைந்து கிடந்தது. மீன் அந்த வளைவுக்குள் வந்ததும் பாம்பின் உடம்பு லேசாகச் சுண்டியது. மீன் அதற்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தது. அங்கேதான் வாய் இருந்தது! மீனின் மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக மௌத்னர் செல் என்ற பெரிய நரம்பு செல் உண்டு. ஒரு பக்க அதிர்வு மறுபக்கத் தசையைச் சுருக்கிவிடும். பாம்பு அதையே பயன்படுத்திக்கொள்கிறது. கென்னத் கட்டானியா 2009இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் பாருங்கள்.

நாலாம்கியர்:
எனக்கு அணில். நடுரோட்டுல போகவா வரவான்னு ஆடிட்டு, டயர் பக்கமே பாய்ஞ்சு எப்படியோ தப்பிச்சுது. பருந்தை ஏமாத்துற ஆட்டத்தை வண்டிகிட்ட ஆடுது பாவம்.

வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அது எந்தப் பக்கம் போகும்னு கணிச்சு ஹேண்டிலை ஒடிக்காதீங்க, கீழ விழப்போறது நீங்கதான். நேரா பிடிச்சு பிரேக் போடுங்க, அதுக்கு முன்னாடி பின்னால யார் வர்றான்னு கண்ணாடியைப் பாருங்க. மான் ஒண்ணு தாண்டினா நிம்மதி ஆயிடாதீங்க, பின்னாடியே இன்னொண்ணு வரும். ராத்திரி ஹைபீமைக் குறைங்க, கண்ணு கூசினா அப்படியே நின்னுடும். பறவைதானே, பறந்துடும்னு நினைக்காதீங்க. மாட்டுக்குருவின்னு (cowbird) ஒரு அமெரிக்கப் பறவையை வச்சு 2015ல வந்த ஆய்வுல, அது வண்டி எவ்வளவு தூரத்துல இருக்குன்னுதான் பார்க்குது, வேகத்தைக் கணக்குல எடுக்கிறதில்லன்னு தெரிஞ்சுது. மெதுவா போனா அதுக்கு நேரம் கிடைக்கும், வேகமா போனா கிடைக்காது.

காட்டுவழி:
நான் முயலைப் பத்திக் கேட்டேன், நீங்க லைசென்ஸ் கிளாஸ் எடுக்கிறீங்க. 😀

ராத்திரிப்பூச்சி:
நீர்க்கோழி சார், நாலு கோணம்னா சரி, செருப்பை எங்க இறக்கணும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

நீர்க்கோழி:
கோணத்தை விடுங்கள். செருப்பு காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது, அதுதான் காட்டிக்கொடுக்கிறது. ஓட்டை போட்ட ஈ அடிக்கும் மட்டையை எடுங்கள்.